ஊரார் பிள்ளையும் தன் பிள்ளையும்

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது முன்னோர் வாக்கு. ஆசிரியப் பணியைப் போற்றும் மேடைகளில் இப்பழமொழி தவறாமல் எடுத்தாளப்படுவதுண்டு. ஆயினும் தன் பிள்ளை உண்மையிலேயே தானே வளர்ந்ததா என்று ஆசிரியர் வீட்டாரைக் கேட்டவர்கள் மிகச் சிலரே.

இக்கரையோரத்தில் ஆசிரியப் பணி பற்றிப் பேசப் புகுவோர் சுவாமி விபுலாநந்த அடிகளாரை நினையாது அப்பாற் செல்ல முடியாது. 1892 இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்த அவர், மாளிகைக்காட்டையும் சாய்ந்தமருதையும் தாண்டியுள்ள கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் கற்றார். பின்னர் கத்தோலிக்கக் கல்லூரிகளில் தாமே ஆசிரியரானார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கினார். 1924 இல் துறவு பூண்டு, 1929 இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். இல்லறம் அவருக்கில்லை. ஆகவே ஊரார் பிள்ளை, தன் பிள்ளை என்ற இரண்டு கணக்கு அவர் வாழ்வில் எழவேயில்லை.

மனைவி மக்களோடு வாழும் ஆசிரியரை அந்தத் துறவியின் அளவுகோலால் அளப்பது முறையாகுமா? முறையாகாது. "வீட்டை மறந்து பாடசாலைக்கே உழைத்தவர்" என்று ஒருவரைப் புகழ்கின்றபோது, மறக்கப்பட்ட அந்த வீடு எப்படி நடந்தது என்பதை நாம் கேட்பதில்லை. அவர் மாலை வகுப்பு நடத்திய நாட்களில் அடுப்பையும் பிள்ளையின் காய்ச்சலையும் தனியே பார்த்துக்கொண்டவர் ஒருவர் இருந்திருப்பார். பொன்னாடை அவருக்குப் போர்த்தப்படுவதில்லை.

ஆசிரியரின் பிள்ளை அவரது வகுப்பிலேயே இருந்துவிட்டால் சிக்கல் இன்னும் கூடும். காரைதீவில் அப்பா, சாய்ந்தமருதில் வாப்பா. வகுப்பறைக்குள் இரண்டுமே 'சேர்' ஆகிவிடுகின்றன. பக்கம் சார்கிறார் என்ற பழி வந்துவிடுமோ என அஞ்சி, மற்றப் பிள்ளைக்கு ஒரு சொல்லோடு விடும் பிழைக்குத் தன் பிள்ளையை இரண்டு அடி அடித்த ஆசிரியர்கள் நம் ஊர்களில் ஏராளம். நடுவுநிலைமை என்று இதைச் சொல்வார்கள். தன் பெயரைக் காக்கப் பிள்ளையைத் தண்டிப்பது நடுவுநிலைமை ஆகாது. அதுவும் ஒருவகைப் பக்கச்சார்பே.

மாணவர் பாசறைகளில் வேறொன்று நடக்கிறது. இலங்கையில் சாரணியம் 1912 இல் மாத்தளையில் தொடங்கியது. அன்று முதல் பாசறை என்பது பாடசாலை வாழ்வின் ஓர் அங்கமாகிவிட்டது. மூன்று நாள் கூடாரத்தில் தங்கும்போது, கணிதத்திற் பத்துப் புள்ளி எடுக்கும் பையன் மழையில் நனைந்த விறகைப் பற்றவைத்துவிடுகிறான். வீட்டு நினைவில் அழும் சின்னவனுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுக்கிறவனும் அவனே. புள்ளிப் பதிவேட்டில் காணாத பிள்ளையை ஆசிரியர் அங்கே காண்கிறார். தன் மகனை இப்படி ஒருநாளாவது பார்த்தோமா என்ற எண்ணம் அவருக்கு அங்கே எழுமானால், பாசறை அவருக்கும் ஒரு பாடம் நடத்திவிட்டது எனலாம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம், பாடசாலைகளுக்கு விடுமுறையும்கூட. பிள்ளைகள் தத்தம் வீடுகளில் இருந்தனர். அன்று வந்த கடல் அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. சாய்ந்தமருதும் காரைதீவும் ஒரே அலையில் அழுதன. எஞ்சிய வகுப்பறைகள் அகதி முகாம்களாயின; மேசை வாங்குகளை ஒதுக்கிவிட்டு அங்கே குடும்பங்கள் படுத்தன. தம் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஆசிரியர்களும் இக்கரையில் இருந்தனர். ஊட்டி வளர்த்தால் தானே வளரும் என்ற வாக்கை அவர்களிடம் சொல்ல எவருக்கும் வாய் வராது. எனினும் பாடசாலைகள் மீளத் திறந்தபோது அவர்கள் வரவு இடாப்பைக் கையிலெடுத்தனர். இல்லாத பெயர்களைக் கடந்து, இருக்கும் பெயர்களைக் கூப்பிட்டு, தம் பிள்ளையின் வயதொத்த பிள்ளைகளுக்கு மீண்டும் பாடம் சொன்னார்கள்.