அப்பா பெயரில் வரும் வரி

அப்பா போய்விட்டார். அவர் எழுதிய உயில் சென்னை உயர் நீதிமன்றத்தில் புரோபேட்டுக்காக, அதாவது உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்றுக்காக, காத்திருக்கிறது. மாதங்கள் ஆகலாம், வருடமும் ஆகலாம். சொத்து வரியோ ஏப்ரலில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை என்று தன் போக்கில் வந்துகொண்டிருக்கிறது, அப்பாவின் இனிஷியலோடு, அப்பாவின் பெயரிலேயே.

அந்தப் பெயரைப் பார்த்ததும் மனம் கலங்குகிறது. கலங்கிய மனமே சற்று நேரத்தில் கணக்கும் போடத் தொடங்குகிறது. வீடு யாருக்கென்றே முடிவாகவில்லை, நான் ஏன் கட்ட வேண்டும்? அண்ணன் கட்டினால் நாளை கூடுதல் பங்கு கேட்பாரோ? நான் கட்டினால் என் உரிமை பலப்படுமோ? இந்தக் கேள்விகளை விரட்ட வேண்டாம். அவற்றின் அருகில் சற்று அமர்ந்திருப்போம். அமர்ந்து பார்க்கப் பார்க்க, எல்லாவற்றுக்கும் அடியில் ‘எனக்கு’ என்கிற ஒரே தவிப்புதான் இருக்கிறது என்பது மெல்லப் புலப்படும்.

அந்தத் தவிப்புக்குச் சட்டமே ஒரு மருந்து வைத்திருக்கிறது. வரி ரசீது யாரையும் உரிமையாளர் ஆக்காது என்று நம் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. கட்டியவருக்கு வீடு கூடுவதில்லை. கட்டாதவருக்குப் பங்கு குறைவதில்லை. அப்படியானால் இதில் ஆசைப்படவும் ஒன்றுமில்லை, அஞ்சவும் ஒன்றுமில்லை. கட்டுவது மட்டுமே மிஞ்சுகிறது. பலனைக் கோராத செயலைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறோம். அது இத்தனை எளிய வடிவில், நம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்பது எனக்குப் பெரும் ஆறுதலாக இருக்கிறது.

ஆகவே கட்டிவிடுவோம். பீரோவில் அப்பா அடுக்கிவைத்த பழைய ரசீதுகளில் மண்டலம், வார்டு, பில் எண் எல்லாம் இருக்கும். அந்த விவரங்கள் போதும், பெயர் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. விட்டுவிட்டால் பாக்கி வட்டியோடு வீட்டின் மேல் ஏறி நிற்கும். வீடு யார் கைக்குப் போனாலும் கூடவே போகும். குடிநீர் வாரியத்துக்கான வரி தனி, அதையும் மறக்க வேண்டாம். பெயர் மாற்றத்தைப் புரோபேட் வந்த பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

உயிலில் நிறைவேற்றுபவர் ஒருவர் இருந்தால் அவர் கையால் கட்டுவதே முறை. அப்பாவின் வங்கிக் கணக்கு முடங்கியிருந்தால் பிள்ளைகளில் யாரேனும் ஒருவர் கட்டட்டும். யார் கட்டினாலும் ரசீதின் படத்தை அன்றைக்கே மற்றவர்களுக்கும் அனுப்பிவிடட்டும். மறைத்த ரசீதுதான் சந்தேகமாக வளர்கிறது. கட்டிய தொகை பங்கு பிரிப்பதற்கு முன் கட்டியவருக்குத் திரும்ப வேண்டும் என்பதையும், எல்லோரும் அன்போடு பேசிக்கொண்டிருக்கும் இந்த நாட்களிலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வோம்.