அளவுகோல் யார் கரையில்?

பொறியாளர் ஒருவர் ஆட்சிக்கு வந்தால் நாடு உருப்பட்டுவிடும் என்ற எண்ணம் படித்தவர்களிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது. அவர் மேடையில் முழங்க மாட்டார், கணக்குப் பார்ப்பார். அடிக்கல் நாட்டியதோடு போய்விட மாட்டார், கட்டி முடிப்பார். சொந்தக்காரன், சாதிக்காரன் என்று பார்க்காமல் தகுதியைப் பார்ப்பார் என்பது அந்த எண்ணத்தின் சாரம். இதற்கு இந்தியாவில் ஒரு முகம் தேடினால் முதலில் நினைவுக்கு வருபவர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. அவர் பிறந்த செப்டம்பர் 15-ஐத்தான் பொறியாளர் தினமாகக் கொண்டாடுகிறோம். மைசூர் சமஸ்தானத்துக்குத் தலைமைப் பொறியாளராக வந்து, 1912 முதல் 1918 வரை அதன் திவானாக இருந்த அவருடைய பொதுவாழ்வு ஓர் அறக்கேள்வியை நம் முன் வைக்கிறது: ஒரு வேலையைப் பிறரைவிட நன்றாக அறிந்தவர் என்பதாலேயே, அந்த வேலையால் பாதிக்கப்படுகிறவர்களின் சார்பில் முடிவெடுக்கும் உரிமையும் ஒருவருக்கு வந்துவிடுமா?

அவருடைய திறமையைப் பற்றி ஐயம் கிடையாது. முத்தேனஹள்ளி என்ற சிற்றூரில் பிறந்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் 1881-ல் பி.ஏ. முடித்து, மைசூர் அரசின் உதவித்தொகையில் பூனா சென்று பொறியியல் பயின்றவர். பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். பூனாவுக்கு அருகே கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில் 1903-ல் பொருத்தப்பட்ட தானியங்கி மதகுகள் அவர் வடிவமைத்தவை. வெள்ளம் குறித்த மட்டத்தைத் தாண்டினால் மதகு தானே திறந்துகொள்ளும். மட்டம் இறங்கினால் தானே மூடிக்கொள்ளும். நடுராத்திரியில் ஆளை எழுப்பவும் வேண்டாம், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். 1908-ல் மூசி ஆற்று வெள்ளம் ஹைதராபாதைச் சூறையாடியபின், இனி அப்படி நேராமல் தடுக்க வழி கேட்டு நிஜாம் அரசு அழைத்ததும் அவரைத்தான். திவானான பிறகு மைசூர் வங்கி 1913-லும் மைசூர் பல்கலைக்கழகம் 1916-லும் தோன்றின. சந்தன எண்ணெய் ஆலையும் பத்ராவதி இரும்பாலைக்கான வேலையும் அதே ஆறு ஆண்டுகளுக்குள் அடங்கும்.

தொழில் அவருக்குச் சில நற்குணங்களையும் கொடுத்தது. தப்புக் கணக்கில் எழுப்பிய சுவரை எந்தச் சொற்பொழிவாலும் தாங்கிப் பிடிக்க முடியாது என்பதால், நல்ல பொறியாளர் தம்மையே ஏமாற்றிக்கொள்வதில்லை. திவான் பதவியை ஏற்குமுன் உறவினர்களைக் கூட்டி, சலுகை கேட்டு யாரும் தம்மிடம் வரக்கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. அது அப்படியே நடந்ததோ இல்லையோ, அவர் கைசுத்தத்தைப் பகைவரும் மறுத்ததில்லை. அவரை யதேச்சாதிகாரி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சட்ட மன்ற உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்கும் உரிமையைப் பெற்றது அவர் காலத்தில்தான். ஆனாலும் அதே தொழிலுக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. கல்லுக்கும் காரைக்கும் அபிப்பிராயம் கிடையாது. அவற்றோடு நாற்பது வயதைத் தாண்டிப் பழகிய ஒருவருக்கு, மறுப்புச் சொல்லும் மனிதர்கள் தீர்க்க வேண்டிய இடையூறாகத் தெரிவார்களே தவிர, கேட்க வேண்டிய குரலாகத் தெரிவது கடினம். இதைக் கண்ணம்பாடியில் காணலாம்.

சிவசமுத்திரத்தில் 1902 முதல் காவிரி நீரில் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது மைசூர். கோடையில் ஆறு இளைத்தால் மின்சாரமும் இளைக்கும். மாண்டியாப் பக்கத்து வறண்ட நிலங்களுக்கும் நீர் வேண்டியிருந்தது. எனவே கண்ணம்பாடி என்ற ஊருக்கு அருகே, முதல் கட்டத்தில் 11 டிஎம்சி, இரண்டாம் கட்டத்தில் 41.5 டிஎம்சி நீரைத் தேக்கும் அணையை விஸ்வேஸ்வரய்யா திட்டமிட்டார். 1892-ல் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, இப்படி ஒன்றைக் கட்ட சென்னை மாகாணத்தின் சம்மதம் தேவை. மேட்டூரில் தனக்கே ஓர் அணைத் திட்டம் வைத்திருந்த சென்னை மறுத்தது. இந்திய அரசிடம் விஷயம் போய், 11 டிஎம்சி அளவுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. 1911-ல் வேலை தொடங்கியது. ஆனால் தோண்டி எழுப்பிய அடித்தளம், மறுக்கப்பட்ட அந்தப் பெரிய அணைக்கு உரிய அகலத்தில் இருந்தது. சென்னை கொதித்தது, வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போனது.

அந்த அடித்தளத்துக்குப் பொறியியல் காரணம் இல்லாமல் இல்லை. கல்கட்டு அணையைக் குறுகலாகக் கட்டிவிட்டுப் பிற்பாடு அகலப்படுத்துவது செலவு பிடிக்கும் வேலை; பழைய கட்டும் புதிய கட்டும் சரியாக ஒட்டாமல் போகும் அபாயமும் உண்டு. நாளை உயர்த்த வாய்ப்புள்ள அணைக்கு இன்றே அகலமாகக் கால் ஊன்றுவது முன்யோசனை. எந்தப் பொறியாளரும் இதை மெச்சுவார். ஆனால் அனுமதி மறுக்கப்பட்ட ஒரு திட்டத்தின் அடித்தளத்தை ஆற்றுக்குள் போட்டுவிடுவது, எதிர்த்தரப்பின் பதில் என்னவாக இருந்தாலும் பொருட்டில்லை என்று கல்லால் அறிவிப்பதாகும். பணத்தைக் கொட்டிப் போட்ட அடித்தளத்தைக் காட்டி, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று பிறகு வாதாட முடியும். பொறியியலில் முன்யோசனை எனப்படுவதே அரசியலில் பிறர் வாயை அடைக்கும் உத்தியாகிவிடுகிறது. செய்தவரின் நோக்கம் தூய்மையானதாக இருந்திருக்கலாம். அறத்தின் கேள்வி நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. இல்லை என்று சொல்லும் உரிமை உள்ளவருக்கு அந்த உரிமை மிஞ்சியதா என்றும் அது கேட்கும்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். சென்னை மாகாண அரசு ஆங்கிலேயர் அரசு. சுதேச சமஸ்தானம் ஒன்று முன்னேறுவதைத் தடுத்த அந்நிய அரசின் மறுப்பை மக்களின் மறுப்பாக எப்படிக் கொள்வது என்பது முதலாவது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அரசு யாருடையதாக இருந்தாலும், அதன் பின்னால் இருந்தவர்கள் தஞ்சை உழவர்கள். ஜூன் மாதம் ஆற்றில் தண்ணீர் வருமா என்று பார்த்துக் குறுவைக்கு நாற்று விடுகிறவர்கள், கல்லணைக் காலத்திலிருந்து அந்த நீரை நம்பி வயலை வகுத்தவர்கள். வக்கீல் பிடிக்கவில்லை என்பதற்காகக் கட்சிக்காரரின் வழக்கைத் தள்ளிவிட முடியாது. இரண்டாவது மறுப்பு, விளைவைப் பார்க்கச் சொல்கிறது: மாண்டியா கரும்பும் நெல்லுமாகப் பசுமையானது, சர்க்கரை ஆலை வந்தது, ஆயிரமாயிரம் குடும்பங்கள் பிழைத்தன. இது உண்மை, அதைக் குறைத்துச் சொல்வது அநியாயம். ஆனால் அணையின் பயனைக் கணக்கிட்டவர்களும் அதன் இழப்பைச் சுமந்தவர்களும் ஒரே ஆட்கள் அல்லர். கண்ணம்பாடி என்ற ஊர் வேணுகோபால சுவாமி கோயிலோடு நீருக்குள் போனது. நீர்த்தேக்கத்துக்கு மகாராஜாவின் பெயர் சூட்டப்பட்டது. மூழ்கிய ஊரின் பெயர் மக்கள் நாவில் மிஞ்சியிருக்கிறது. மொத்தக் கூட்டலில் லாபம் வந்தால் போதும் என்பது கணக்குப்பிள்ளையின் நியாயம். யாருடைய பத்தியில் எவ்வளவு நஷ்டம் எழுதப்பட்டது, எழுதுமுன் அவரைக் கேட்டார்களா என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே ஆள்கிறவரின் நியாயம்.

இதே குறை இன்னொரு வடிவில் அவருடைய பதவிக்கால இறுதியில் வெளிப்பட்டது. மைசூரில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாக இருந்த பிராமணர்களின் கையிலேயே அரசுப் பதவிகளில் பெரும்பங்கு இருந்தது. 1917-ல் பிரஜா மித்ர மண்டலி என்ற அமைப்பு உருவாகி, மற்றச் சமூகத்தாருக்கும் உரிய இடம் கேட்டது. மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1918-ல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். திவானுக்கு இதில் உடன்பாடில்லை. சாதியைப் பார்த்துப் பதவி கொடுத்தால் தகுதி கெடும், தகுதி கெட்டால் நிர்வாகம் கெடும், நிர்வாகம் கெட்டால் முதலில் அடிபடுபவன் ஏழைதான் என்பது அவர் தரப்பு வாதத்தின் போக்கு. தாமே எளிய குடும்பத்திலிருந்து படிப்பால் மேலே வந்தவர். கல்வி எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று உண்மையாகவே உழைத்தவர். பள்ளிகளைப் பெருக்கினால் காலப்போக்கில் எல்லாம் தானே சமனாகும் என்று அவர் நம்பியதில் வஞ்சகம் இல்லை.

ஆனால் இந்த இடத்தில் அவர் தம் தொழிலின் முதல் பாடத்தையே மறந்தார். ஆற்றின் ஒரு மடுவில் மட்டும் கோலை நட்டு அளந்துவிட்டு, ஆறு முழுவதும் இவ்வளவு ஆழம் என்று எந்தப் பொறியாளரும் எழுத மாட்டார். பரம்பரை பரம்பரையாக எழுத்தோடு வாழ்ந்த வீட்டுப் பிள்ளையையும், தலைமுறைகளாகப் பள்ளித் திண்ணையில் ஏற விடப்படாத வீட்டுப் பிள்ளையையும் ஒரே பரீட்சையில் உட்காரவைத்து, வந்த மதிப்பெண்ணைத் தகுதி என்று சொல்வதும் அப்படிப்பட்ட அளவைதான். தகுதி வேண்டாம் என்று கேட்டவர்கள் யாரும் இல்லை. தகுதியை அளக்கும் கோல் ஒரு கரையில் மட்டும் நடப்பட்டிருக்கிறது என்பதே மண்டலியின் முறையீடு. கல்வி பரவும்வரை பொறுங்கள் என்ற பதிலில் எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும், பொறுக்க வேண்டியவர்கள் யார், பொறுக்கச் சொல்கிறவர்கள் யார் என்ற வித்தியாசம் அதில் இருக்கிறது. நீர்மட்டம் ஏறினால் யாரையும் கேளாமல் திறந்துகொள்ளும் மதகை வடிவமைத்தவர், சமூகத்தின் மட்டம் ஏறியபோது மதகு திறக்கக்கூடாது என்று நின்றார்.

ஆயினும் நின்ற விதத்தில் ஒரு நேர்மை உண்டு. கருத்து வேற்றுமையை மறைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தபடியே குழுவின் வேலையை முடக்குவது திவானுக்கு முடியாத காரியமில்லை. அவர் 1918 இறுதியில் பதவியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு வந்த மில்லர் குழு அறிக்கையை ஏற்று 1921-ல் அரசு ஆணை பிறப்பித்தது. தோற்றபோது ஒதுங்கிக்கொண்ட இந்தப் பண்பைக் கண்ணம்பாடி அடித்தளத்தோடு வைத்துப் பார்க்கலாம். முன்னதில் தம் கருத்து தோற்க அவர் இடம் விட்டார். பின்னதில் எதிர்க்கருத்து வெல்ல இடம் விடப்படவில்லை. ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன என்பதால், குற்றத்தை அவர் குணத்தில் தேடுவதில் பயனில்லை. அறிவே அதிகாரம் என்ற நம்பிக்கையில் தேட வேண்டும். அப்படியானால் ஒன்றும் தெரியாத அரசியல்வாதியே மேலா என்று கேட்கலாம். இல்லை. தெரியாதவன் செய்யும் தவறு உடனே கண்ணில் படும், எல்லோரும் சுட்டுவார்கள். தெரிந்தவரின் தவறோ சரியான கணக்குகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். அதனால் திறமைசாலிக்குக் கேள்விகள் குறைய வேண்டும் என்பதைவிட, கூட வேண்டும் என்பதே பொருந்தும். அணை எப்படி நிற்கும் என்பதை அவர் சொல்லட்டும். எங்கே, எவ்வளவு, யாருக்காக என்பதில் மற்றவர்களைப் போல அவருக்கும் ஒரு குரல்தான்.

கலந்து பேசிக்கொண்டிருந்தால் எந்த அணையும் எழும்பாது என்ற கடைசி மறுப்புக்குக் காவிரியே பதில் சொல்லியிருக்கிறது. 1914-ல் வந்த நடுவர் தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாக இருந்தும் பூசல் ஓயவில்லை. பத்தாண்டு மேல்முறையீட்டுக்கும் பேச்சுவார்த்தைக்கும் பிறகு 1924 பிப்ரவரியில் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பிறகே கண்ணம்பாடி முழு உயரத்துக்கு எழுந்தது, 93.5 டிஎம்சி கொள்ளும் மேட்டூர் அணையும் 1934-ல் முடிந்தது. அந்த உடன்படிக்கையோடு சேர்ந்த ஒழுங்குமுறை விதிகளின்படி, கண்ணம்பாடியில் நீரைத் தேக்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானித்தது கண்ணம்பாடியின் அளவுகோல் அல்ல. நூற்றுக்கணக்கான மைல் கீழே, திருச்சிக்கு அருகே மேலணையில் நட்ட கோல் மாதத்துக்கு மாதம் குறித்த அளவைக் காட்டிய பிறகே மேலே தேக்கத் தொடங்கலாம் என்றது விதி. அந்த உடன்படிக்கையின் நியாய அநியாயங்கள் பற்றிய வழக்கு பிற்பாடு நெடுங்காலம் நடந்தது. அது தனிக் கதை. ஆனால் அந்த ஒரு விதியை எழுதியவர்களும் பொறியாளர்களாகத்தான் இருக்க வேண்டும். மதகின் சாவி மேலே இருப்பவர் கையில். அதைத் திருப்பும் நேரத்தைச் சொல்லும் கோல், தண்ணீர் போய்ச் சேர வேண்டியவரின் கரையில்.