மூடிக்குள் மறையும் கடமை

மரப்பட்டறைகளில் பல பத்தாண்டுகளாக உழைக்கும் வட்ட ரம்ப இயந்திரங்கள் உண்டு. அவற்றின் இரும்பு உடல் உறுதியாகவே நிற்கும். மோட்டாருக்குச் செல்லும் கம்பிகளின் ரப்பர் உறையோ காலப்போக்கில் இறுகி வெடித்துவிடும். அப்போது புதுக் கம்பி பூட்டுவது அவசியமாகிறது.

மும்முனை மோட்டாரின் மூன்று கம்பிகளில் இரண்டு இடம் மாறினால் ரம்பம் எதிர்த்திசையில் சுழலும். அந்தப் பிழை உடனே கண்ணில் படும். எர்த் கம்பியின் நிலை அப்படியன்று. அதை இணைக்காவிட்டாலும் இயந்திரம் குறையின்றி ஓடும், பலகை அறுபடும், கூலியும் கிடைக்கும். என்றோ ஒருநாள் உள்ளே உறை பழுதாகி, மின்சாரம் இரும்பு உடலில் பாயும்போதுதான் அதன் தேவை தெரியும். எர்த் சரியாக இருந்தால் ஃபியூஸ் எரிந்து மின்சாரம் நிற்கும். இல்லையேல் இயந்திரத்தைத் தொட்ட தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கட்டும் என்றே, 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகளைக் கட்டாயமாக்கின.

ஆனால், மூடியைத் திருகியபின் உள்ளே எட்டிப் பார்ப்பவர் யார்? அங்கே விதி மௌனமாகிவிடுகிறது. மனசாட்சி மட்டுமே எஞ்சுகிறது. பிறர் பார்வைக்காக வேலை செய்பவன் ரம்பம் சுழன்றதும் எழுந்துவிடுவான். பிறர் உயிரையும் தன்னுயிர்போல் எண்ணுபவனோ, முகமறியாத ஒருவனுக்காக அந்தப் பச்சைக் கம்பியை இறுக முடுக்குவான். தான் காத்தது யாரை என்பதை அவன் அறியப்போவதில்லை. அறியாமலே செய்யும் அந்தச் செயலில்தான் கடமை தூய்மை பெறுகிறது.