யாருக்காக இந்த நீராட்டு?

எலி என்னும் சொல்லைக் கேட்டவுடன் உள்ளத்தில் அன்பு சுரப்பவர் நம்மவருள் மிகச் சிலரே. நெற்குதிரைக் குடைந்த உயிர், நூலேட்டைக் கரித்த உயிர், நோயைச் சுமந்து வந்த உயிர் என்றே அது மக்கள் நினைவில் நிற்கிறது. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் பழக்குலைகளைக் கடித்தழிக்கும் எலிகளை ஒடுக்குவதற்காகக் கூகைகளுக்குப் பெட்டிக்கூடு அமைத்துத் தருகின்றனர். அத்தகைய உயிரைக் கூண்டில் வைத்து வளர்த்து, பெயரிட்டு அழைத்து, தோளில் ஏற்றிக்கொண்டு, வெதுவெதுப்பான நீரில் நீராட்டித் துவாலையால் துடைத்துவிடுவோரும் உலகில் உளர் என்றால் மாணவர் சிரிக்கக்கூடும். சிரிப்பு அடங்கிய பின்னர் எழும் வினாவோ சிரித்துத் தள்ளத் தக்கதன்று. ஓர் உயிரைத் தூய்மை செய்கிறோம் என்று ஒருவர் கை நீட்டும்போது, அத்தூய்மை யாருடைய தேவை?

வளர்ப்பெலியின் வரலாறு பெரிதும் இங்கிலாந்தைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் மாநகரில் ஜாக் பிளாக் என்னும் எலிபிடிப்பவர் வாழ்ந்தார். விக்டோரியா பேரரசியாரின் எலிபிடிப்பவர் என்று தம்மை அழைத்துக்கொண்ட அவரைப் பற்றி, ஹென்றி மேஹ்யூ என்னும் இதழாளர் இலண்டன் ஏழை எளியோரைக் குறித்து எழுதிய பெருநூலில் விரிவாகக் கூறியுள்ளார். எலிகளைக் குழியில் விட்டு, நாயை ஏவி, எத்தனை நொடியில் எத்தனை எலி மாளும் என்று பந்தயம் கட்டுவது அந்நாளைய மதுவிடுதிகளின் பொழுதுபோக்கு. அப்பந்தயங்களுக்கும் எலி பிடித்துக் கொடுத்தவர் பிளாக். ஆயினும், தம் கையில் அகப்பட்டவற்றுள் நிறம் மாறிப் பிறந்த எலிகளை மட்டும் அவர் கொல்லவிடவில்லை. அவற்றைத் தனியே வைத்து இனம் பெருக்கி, கூண்டில் வளர்க்க விரும்பிய நங்கையர்க்கு விற்றார். கொலைத்தொழிலின் ஓரத்திலேயே வளர்ப்புக் கலையும் முளைத்தது விந்தையே. 1901ஆம் ஆண்டில் எய்ல்ஸ்பரி நகரில் நடைபெற்ற சுண்டெலிக் கண்காட்சியில், மேரி டக்ளஸ் என்னும் அம்மையாரின் முயற்சியால் எலிகளுக்கும் இடம் கிடைத்தது. 1976இல் எலி வளர்ப்போர்க்கென்றே அந்நாட்டில் தனிச் சங்கம் தோன்றியது.

கண்காட்சி வந்தால் நடுவர் வருவார். நடுவர் வந்தால் அவர் கண்ணுக்கு விருந்து வேண்டும். மயிர் பளபளக்க வேண்டும். வாலில் அழுக்கு இருத்தல் ஆகாது. ஆகவே போட்டிக்கு முன்னர் எலியைக் குளிப்பாட்டி, வாலை மென்தூரிகையால் தேய்த்துவிடும் பழக்கமும் உடன் வந்தது. தோற்றம் மனிதர் கண்ணுக்கு இனித்ததால்தான் அன்று சில எலிகள் நாயின் வாயிலிருந்து தப்பின என்பதை நினைத்தால், இன்று அத்தோற்றத்திற்காகவே அவை நீரில் அமிழ்த்தப்படுவதும் அதே கதையின் தொடர்ச்சியாகத் தோன்றும்.

எலி தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் காட்சியைப் பொறுமையோடு ஒரு முறையேனும் காண வேண்டும். முதலில் முன்கால்களை நக்கி ஈரமாக்கும். அவ்வீரத்தால் மூக்கைத் தடவும். பின்னர் மீசை, முகம், காதின் பின்புறம் என்று கை மேலேறும். அதன்பின் உடலை வளைத்து விலாவையும் வயிற்றையும் நக்கும். இறுதியில் வாலை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு நுனிவரை சீர்ப்படுத்தும். தலையில் தொடங்கி வாலில் முடியும் இவ்வரிசைக்கு நரம்பியல் ஆய்வாளர் சொற்றொடரிலக்கணத்தின் பெயரையே இட்டு வழங்குகின்றனர். எழுவாய்க்குப் பின் பயனிலை வருவதுபோல ஓர் அசைவுக்குப் பின் இன்ன அசைவுதான் வரும் என்னும் ஒழுங்கு அதில் உண்டு. எவரும் கற்பிக்காத இலக்கணம் அது. விழித்திருக்கும் பொழுதில் கணிசமான பகுதியை எலி இப்பணிக்கே செலவிடுகிறது. தன் வாய்க்கு எட்டாத கழுத்தையும் பிடரியையும் உடன்வாழும் எலி நக்கிக் கொடுக்கிறது. சோம்பலால் அழுக்கேறிக் கிடக்கும் உயிர் என்று எலியைக் கருதுவோர் அதனைப் பார்த்ததில்லை என்றே கூறலாம்.

அப்படியாயின் வளர்ப்போர் ஏன் அதனை நீராட்டுகின்றனர்? பெரும்பாலும் மணத்தின் பொருட்டே. எலி, சிறப்பாக ஆண் எலி, தான் செல்லும் வழியெல்லாம் சிறுநீர்த் துளியை இட்டுச் செல்லும். மனிதர்க்கு அது முகம் சுளிக்கும் செயல். எலிக்கோ அது முகவரி. யார் சென்றார், ஆணா பெண்ணா, உறவா அயலா என்பனவற்றையெல்லாம் அது அத்துளியில் படித்தறிகிறது. நாற்றம் என்னும் தமிழ்ச்சொல் முற்காலத்தில் நறுமணத்தையும் குறித்துநின்று, பிற்காலத்தில் இழிந்த பொருளுக்குச் சுருங்கிப்போனதைத் தமிழாசிரியர் அறிவர். எலியின் மூக்கில் மட்டும் அச்சொல் இன்னும் பழம்பொருளோடு வாழ்கிறது போலும்! நறுமணச் சவர்க்காரத்தால் எலியைத் தேய்த்துவிடும்போது, ஓர் ஊராரின் பெயர்ப்பலகைகளையெல்லாம் ஒரே நாளில் அழித்துவிட்டுத் தெரு அழகாயிற்று என்று மகிழ்வது போன்ற செயல் நிகழ்கிறது. நீராட்டு முடிந்ததும் எலி செய்யும் முதல் வேலை என்ன? மூலையில் ஒதுங்கி, முன்கால்களை நக்கி, மூக்கிலிருந்து மீண்டும் தொடங்குவதே. மனிதர் முடித்துவிட்டதாக எண்ணிய பணியை அது முதலிலிருந்து செய்கிறது.

இதனால் வரும் தீங்கு மணம் இழப்பது மட்டுமன்று. நனைந்த மயிர் உடற்சூட்டைக் காக்காது. சிறிய உடல் விரைவில் குளிர்ந்துவிடும். வளர்ப்பெலிகள் பலவற்றின் மூச்சுறுப்புகளில் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் தங்கியிருக்கிறது. உடல் தளர்ந்த வேளை பார்த்து அது நோயாக வெளிப்படும். அழுக்கு என்று தேய்க்கப்படும் வாலோ, உடலின் மிகுவெப்பத்தை வெளியேற்றும் உறுப்பு. முரட்டுத்தனமாகத் தேய்த்தால் புண்படும். பிடித்து இழுத்தால் தோலே உரிந்துவிடும். அஞ்சிய எலியின் கண்ணோரத்தில் செந்நிறக் கசிவு தோன்றுவதுண்டு. அது குருதியன்று, கண்ணின் பின்புறச் சுரப்பி விடும் நீர். அச்சத்திலும் நோயிலும் அது மிகும். அதனையும் அழுக்கெனக் கருதி மேலும் கழுவுவோர் உண்டாயின், அறியாமை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

எலிக்கு நீந்தத் தெரியுமே என்று சிலர் கேட்பர். நன்றாகவே தெரியும். தெரிந்திருப்பது வேறு, விரும்புவது வேறு. 1977இல் போர்சோல்ட் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் வெளியேற வழியில்லாத நீர்க்கலத்தில் எலிகளை விட்டு, அவை போராடுவதை நிறுத்தி வெறுமனே மிதக்கும் நேரத்தைக் கணக்கிட்டனர். மனச்சோர்வுக்குரிய மருந்துகளைச் சோதிக்க அம்முறை உலகெங்கும் கையாளப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் எலியின் நம்பிக்கையிழப்பை அளக்கப் பயன்பட்ட நீர், வீட்டில் அன்பின் அடையாளமாக வழங்கப்படுகிறது.

நீராட்டும்போது எங்கள் எலி அமைதியாகவே இருக்கிறது, ஒரு சத்தமும் இடுவதில்லை என்பாரும் உளர். மனிதரின் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். எலி அச்சத்திலும் துன்பத்திலும் எழுப்பும் நீண்ட குரல் ஏறத்தாழ 22,000 அதிர்வுகள் கொண்டது. விளையாட்டிலும் மகிழ்விலும் எழுப்பும் குரல் 50,000 அளவில் அமைவது. கிச்சுக்கிச்சு மூட்டினால் எலி இம்மகிழ்குரலை எழுப்புகிறது என்பதை யாக் பாங்செப் என்னும் அறிஞர் 1990களின் இறுதியில் காட்டினார். ஆக, அதன் முறையீடு மனிதச் செவியின் வேலிக்குச் சற்றே அப்பால் ஒலிக்கிறது. கேட்கவில்லை என்பதற்காக இல்லை என்று தீர்ப்புக் கூறுவது எந்த மன்றத்திற்கும் அழகன்று.

2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெரு நாட்டிலிருந்து வெளிவந்த ஒரு காணொளியை உலகம் கண்டு களித்தது. எலி போன்ற ஒரு விலங்கு பின்கால்களில் நின்று, உடலெங்கும் நுரை பூசி, மனிதரைப் போலவே தேய்த்துக் குளிக்கிறது! கோடிக்கணக்கானோர் வியந்தனர். உயிரியல் அறிந்தோர் சிலர் மட்டும் வேறு கூறினர்: அஃது எலியே அன்று, தென்னமெரிக்கக் கொறிவிலங்கு ஒன்றாக இருக்கலாம், அது குளிக்கவுமில்லை, எவரோ பூசிய சவர்க்காரத்தின் எரிச்சல் தாளாமல் அதனைத் துடைத்தெறியப் போராடுகிறது. துன்புறும் உயிரின் அசைவு மனிதச் செயலைப் போலத் தோன்றியதால் அது வேடிக்கையாகிவிட்டது. தம்மைப் போல் இருப்பதே அழகு என்று கருதும் கண் எதையெல்லாம் காணத் தவறும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

தமிழ் கற்றோர்க்கு இங்கே பேகன் நினைவுக்கு வருதல் இயல்பு. மயில் குளிரால் நடுங்குகிறது என்று இரங்கித் தன் போர்வையை அளித்த வள்ளல் அவன். மயில் அதனை உடுத்தாது, போர்த்தாது என்று அறிந்தும் அவன் அளித்தான். புலவர் இதனைக் கொடைமடம் என்றனர். குறையாகக் கூறாமல் பெருமையாகவே கூறினர். அப்பெருமை பொருந்தும். ஏனெனில் பேகனின் நெஞ்சில் முதலில் தோன்றியது மயிலின் துயர். தன் குளிர் அன்று. அவன் இழந்தது தன் போர்வை. மயிலுக்கும் அதனை உதறிவிட்டுப் பறந்துசெல்லும் உரிமை இருந்தது. கைப்பிடிக்குள் இருக்கும் எலிக்கு அவ்வுரிமை இல்லை. அதனை நீராட்டுபவர் இழப்பது ஒன்றுமில்லை. பெறுவதோ தம் மூக்குக்கு இனிய மணம். இச்செயலைக் கொடைமடத்தில் சேர்ப்பது பேகனுக்கு இழைக்கும் அநீதியாகும்.

அப்பேகனிடமே கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் சென்று, அவன் பிரிந்து வாழ்ந்த மனைவி கண்ணகியின் கண்ணீரை எடுத்துரைத்தனர். தமக்குப் பரிசில் வேண்டா, அவள் துயரைக் களைக என்று இரந்தனர். மயிலின் நடுக்கம் புலப்பட்ட கண்ணுக்கு மனைவியின் கண்ணீர் புலப்படாமற் போயிற்று. அருள் இல்லாதவனுக்கு நேர்ந்ததன்று இது, அருளாளனுக்கே நேர்ந்தது. இரக்கம் மிகுந்திருப்பது ஒன்று; எங்கே தேவை என்று அறிவது மற்றொன்று.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அதனை எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது. குழந்தையும் நீராட்டும்போது அழுகிறது. காலை நீட்டி அமர்ந்து, பேரனைக் கால்மேல் கிடத்தி வெந்நீர் ஊற்றும் பாட்டி அவ்வழுகைக்கு அஞ்சி நிறுத்திவிடுகிறாளா? விரும்பாத நன்மையைச் செய்வதும் அன்பின் கடமையன்றோ? கடமையே. ஆயினும் குழந்தைக்குத் தன்னைத் தூய்மை செய்துகொள்ளத் தெரியாது. அந்தத் தேவை அதனுடையது. நாளை அது தானே நீராடும் மனிதனாக வளரும். எழுதத் தெரியாத விரலைப் பிடித்து மணலில் எழுதுவித்தல் கல்வி. எழுதத் தெரிந்த விரலையும் இறுகப் பிடித்துக்கொண்டு எழுதுவித்தலுக்குக் கல்வி என்று பெயரில்லை. எலியோ தன் எழுத்தைப் பிறப்பிலேயே அறிந்து வந்த மாணவன்.

ஆனால் அம்மாணவனின் விரலும் ஒரு நாள் தளரும். எலியின் வாழ்நாள் இரண்டு, மூன்று ஆண்டுகளே. முதுமையில் பல எலிகளின் பின்கால்கள் வலுவிழக்கும். உடலை வளைத்து முதுகை எட்ட முடியாது. வயிற்றின் அடிப்புறம் சிறுநீரால் நனைந்து புண்ணாகும். அப்போது வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெல்லத் துடைத்து, உடனே உலரவைத்து, சூடான மடியில் வைத்துக்கொள்ளும் கை உண்மையிலேயே தேவைப்படுகிறது. எண்ணெயோ நஞ்சோ மேலே பட்டுவிட்டாலும் அவ்வாறே. எலி நக்கி விழுங்குமுன் கழுவியாக வேண்டும். அதே நீர், அதே துணி, அதே கை. ஆனால் இப்போது இல்லாத ஆற்றலுக்குத் துணையாக நிற்கின்றன.

நலத்தோடு இருக்கும் எலிக்கு வேண்டுவன எளியவை. தனியே வாழாதிருக்க ஒரு துணை. நகம் தேய ஒரு சொரசொரப்பான கல். விருப்பமானால் இறங்கி விளையாட ஆழமற்ற தட்டில் சிறிது நீர். விரும்பாவிட்டால் ஏறிச் செல்லும் வழி. தாய் எலி நக்கி வளர்த்த குட்டிகள் பிற்காலத்தில் அச்சத்தை எளிதில் தாங்குகின்றன என்று கனடாவில் மைக்கேல் மீனி குழுவினர் 1997 முதல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. அத்தூய்மைப் பணியை அவை ஒன்றுக்கொன்று செய்துகொள்ள இடம் தருவதே வளர்ப்பவர் செய்யும் பேருதவி.

மணமோ? அது பெரிதும் எலியுடையதன்று, கூண்டினுடையது. காட்டிலும் வயலிலும் திரியும் எலி தன் சிறுநீரின் மேல் உறங்குவதில்லை. சிறைப்பட்ட எலிக்கு அதைவிட்டு வேறிடம் இல்லை. நனைந்த தாளிலிருந்து எழும் அம்மோனியா வளர்ப்பவரின் மூக்கை உறுத்துமுன் எலியின் மூச்சுக்குழலை அரிக்கிறது. எனவே கழுவப்பட வேண்டியது கூண்டே. அக்கடன் எலியைக் கூண்டில் வைத்தவரைச் சேர்ந்தது. தேர்ந்தவர்கள் அதனையும் ஓர் அளவோடு செய்வர். தட்டைக் கழுவி, தாளை மாற்றி, எல்லாம் முடிந்தபின், பழைய படுக்கைத் துணியில் நனையாத ஒரு சிறு துண்டை மட்டும் மீண்டும் உள்ளே வைப்பர். திரும்பி வரும் எலி முதலில் அதனை முகரும். பிறகே மற்ற மூலைகளுக்குச் செல்லும்.