மேசையை விட்டு இறங்காத மடிக்கணினி

17 அல்லது 18 அங்குலத் திரை, 3 கிலோவை ஒட்டிய எடை, கூடவே ஒரு கிலோவை நெருங்கும் சார்ஜர். மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும் இந்த மடிக்கணினிகள் மேசைக்கணினிக்கு மாற்று என்றே விற்கப்படுகின்றன. கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகளுக்கு மேலே இருக்கும் சிறிய அலுவலகங்களைப் பார்த்தால், இந்த மாற்று அவற்றுக்கென்றே செய்ததுபோல் தோன்றும். இடம் குறுகல், மரப்படி செங்குத்து, மழைக்காலத்தில் மின்சாரத்தை நம்ப முடியாது. ஆனால் பொருந்துமா என்று பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்க வேண்டுமானால் அதற்கு என்ன தகுதி வேண்டும்? கடைக்காரர் தரும் அட்டவணையில் இதற்கு விடை இல்லை. வேள்விச் சாத்திரமும் ஆகமமும் யூத மறையும் இதை நெடுங்காலம் முன்பே எடுத்துப் பேசியிருக்கின்றன.

வேள்விச் சாத்திரத்தில் ஜைமினியின் மீமாம்ச சூத்திரம் 12 அத்தியாயங்கள் கொண்டது. ஆறாம் அத்தியாயத்தின் மூன்றாம் பாதம் பிரதிநிதியை, அதாவது ஒன்றுக்கு மாற்றாக வருவதைப் பற்றியது. வேள்விக்கு விதித்த நெல் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? செய்தே தீரவேண்டிய நித்திய கர்மமானால் அதை விடக்கூடாது. நீவாரம் என்னும் காட்டுநெல்லை இட்டாவது முடிக்க வேண்டும். பலனை விரும்பிச் செய்யும் காமிய கர்மத்தில் நிலை வேறு. அங்கங்கள் எல்லாம் குறைவின்றிக் கூடினால்தான் பலன் என்பதால், மாற்றுப் பொருளை நம்பி அதைத் தொடங்கவே கூடாது. தொடங்கியபின் பொருள் கெட்டுப்போனால் மட்டும் மாற்றை இட்டு முடிக்கலாம்.

இந்தப் பாகுபாடு கணினிக்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. வணிகருக்கு ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல், சரக்குக்கான இ-வே பில், டேலி மென்பொருளில் அன்றாடப் பதிவு ஆகியவை நித்திய கர்மங்கள். செய்ததற்குப் பரிசு கிடையாது, செய்யாவிட்டால் தண்டம் உண்டு. இவற்றுக்கு எந்த மடிக்கணினியும் போதும், பெரியதுகூட வேண்டாம். முப்பரிமாணக் காட்சி, நீண்ட வீடியோத் தொகுப்பு போன்றவை காமியம். 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பியனாலேக்காக மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் காணொளிப் படைப்பு செய்யும் கலைஞருக்கு வேண்டியது குறைவில்லாத பலன். அவர் மாற்றை நம்பித் தொடங்குவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். விந்தை என்னவென்றால், பெரிய மடிக்கணினியின் விளம்பரம் இந்த இரண்டாம் வகையினரையே குறிவைக்கிறது.

மாற்றுப் பொருள் மூலப்பொருளை ஒத்திருக்க வேண்டும் என்பது மீமாம்சகரின் அடுத்த விதி. நெல்லின் கூறுகள் நீவாரத்திலும் ஓரளவு இருப்பதால்தான் அது ஏற்கப்படுகிறது. நீவாரத்தை இடும்போதும் மந்திரத்தில் நெல்லின் பெயரை மாற்றுவதில்லை. பெயர் மூலத்தைச் சுட்டியே நிற்கும். பொருள் மட்டும் வேறு. கணினிச் சந்தையிலும் பெயர் இப்படியே நிற்கிறது, ஆனால் அறிவிப்பு இல்லாமல். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 என்னும் கிராபிக்ஸ் சில்லு மேசைக்கணினிக்கான வடிவில் 16,384 கருக்களும் 450 வாட் வரை மின்நுகர்வும் கொண்டது. மடிக்கணினியில் அதே எண்ணைத் தாங்கி வருவது 9,728 கருக்கள் கொண்ட வேறொரு சில்லு; அதன் மின்நுகர்வு 175 வாட்டைத் தாண்டாது. வேள்வி செய்பவர் தன் கையில் இருப்பது காட்டுநெல் என்று தெரிந்தே நெல்லின் பெயரைச் சொல்கிறார். மடிக்கணினி வாங்குபவருக்கு அது தெரிந்திருப்பதில்லை. மாற்றில் குற்றம் இல்லை. மாற்று என்று சொல்லாமல் விற்பதில்தான் குற்றம்.

ஒப்புமை இருந்தாலும் விலக்கப்பட்டதை இடக்கூடாது என்பதும் ஒரு விதி. பச்சைப்பயறு கிடைக்கவில்லை என்றால், உருவில் அதை ஒத்த உளுந்தைச் சேர்க்கலாகாது; உளுந்து வேள்விக்கு ஆகாதது என்று வேதமே தள்ளியிருக்கிறது. இதற்கு நேரான இடமும் அலுவலகத்தில் உண்டு. நான்கைந்து பேரின் கணக்குகளைத் தாங்கி இரவும் பகலும் அணையாமல் ஓட வேண்டிய சர்வர் வேலைக்குப் பெரிய மடிக்கணினி திறனில் ஈடாகத் தெரியும். ஆனால் எப்போதும் முழுச் சார்ஜில், எப்போதும் வெப்பத்தில் கிடக்கும் லித்தியம் பேட்டரி விரைவில் மூப்படையும், சில வேளை உப்பவும் செய்யும். கொச்சியின் புழுக்கத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி பல மாதிரிகளில் உண்டு; அது கேட்டைத் தள்ளிப்போடும், நீக்காது.

எதற்கெல்லாம் பிரதிநிதியே கிடையாது என்னும் பட்டியல்தான் இந்தப் பாதத்தின் உயிர்நாடி. தேவதைக்கு மாற்று இல்லை, அக்கினிக்கு இல்லை, மந்திரத்துக்கு இல்லை, செயலுக்கு இல்லை. வேள்வி செய்யும் எசமானனுக்கும் இல்லை, அதன் பலனுக்கு உரியவன் அவனே. பலர் கூடிச் செய்யும் சத்திர யாகத்தில் மட்டும், நடுவில் ஒருவர் இறந்தால் எண்ணிக்கைக்காக இன்னொருவரைச் சேர்க்கலாம். அவருக்குப் பலனில் பங்கு கிடையாது.

கணினி முன் எசமானன் என்பது ஓர் உடம்பு: கழுத்து, தோள், மணிக்கட்டு, கண். மேசைக்கணினியில் திரை கண்மட்டத்திலும் விசைப்பலகை முழங்கை மட்டத்திலும் தனித்தனியே நிற்க முடிகிறது. மடிக்கணினியில் இரண்டும் ஒரே கீலில் கட்டப்பட்டவை. திரையை உயர்த்தினால் கை உயரும், கையைத் தாழ்த்தினால் தலை குனியும். 18 அங்குலமானாலும் இந்தக் கட்டு அவிழாது. தனித் திரையும் தனி விசைப்பலகையும் வாங்கிப் பொருத்தினால் அவிழும். ஆனால் அப்போது மேசையில் இருப்பது மேசைக்கணினிதான். பெட்டியின் இடத்தில் மூடிய மடிக்கணினி கிடக்கிறது, அவ்வளவே. திரைக்கும் விசைப்பலகைக்கும் இருமுறை விலை கொடுத்த கணக்கு வேறு.

ஆகமங்கள் இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகுகின்றன. திருவுருவங்களை அவை அசலம், சலம், சலாசலம் என மூன்றாகப் பிரிக்கும். பெயராதது மூலவர், வீதி உலா வருவது உற்சவர், இரண்டுமாக இருக்கத் தகுந்தது மூன்றாம் வகை. பெரும்பாலான கோயில்கள் இரண்டு திருமேனிகளை வைத்துக்கொண்டன. கல்லால் ஆனவர் கருவறையில் நிற்பார், வெண்கலத்தால் ஆனவர் தேரேறுவார். ஒருவரை மற்றவர் நீக்குவதில்லை, வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். சிதம்பரம் இதற்கு விலக்கு. சிற்சபையில் பூசை பெறும் நடராசரே ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேரில் வருகிறார். ஒரே உருவம் இரண்டு பணியையும் ஏற்கும் இந்த ஏற்பாடு நடப்பது, ஆண்டில் இருமுறை அவர் உண்மையாகவே வெளியே வருவதால்தான்.

பெயரும் தன்மையின் மதிப்பு நெருக்கடியில் தெரியும். 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பில் திருவரங்கத்து மூலவரைச் சுவரெழுப்பி மறைத்தார்கள். உற்சவரை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். நெடுங்காலம் அலைந்து 1371இல் அவர் திரும்பினார். இடையில் கோயிலில் வேறோர் உற்சவத் திருமேனி எழுந்தருளியிருந்ததால், யார் மூலம், யார் பிரதிநிதி என்ற ஐயம் எழுந்தது. பார்வையற்ற முதிய சலவைத் தொழிலாளி ஒருவர் திருமஞ்சன நீரின் மணத்தைக் கொண்டு பழையவரை அடையாளம் காட்டினார் என்பது அந்தக் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்லும் மரபு. மூலம் திரும்பியது, முதலிடம் மூலத்துக்கே போயிற்று. ஆனால் இடைக்காலத்தில் பணி செய்தவரைத் தள்ளிவிடவில்லை. அவருக்கும் கோயிலில் இடம் தந்தார்கள்.

தூக்கிச் செல்லும் கணினியைச் சந்தைக்கு வெற்றிகரமாகக் கொண்டுவந்த முன்னோடி அசலத்தின் அடிவாரத்தில் வளர்ந்தவர் என்பது இங்கே சொல்லத் தக்க செய்தி. ஆடம் ஆஸ்பர்ன் 1939இல் பாங்காக்கில் பிறந்தவர். தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன், ரமண மகரிஷியைப் பற்றி நூல்கள் எழுதிய அடியவர். பெயராமையையே தன் பெயரில் தாங்கிய மலையின் கீழ், 1896இல் வந்தபின் அந்த ஊரை விட்டு நீங்காத முனிவரின் அருகில், திருவண்ணாமலையில் ஆடமின் குழந்தைப் பருவம் கழிந்தது. 1981இல் அவர் வெளியிட்ட ஆஸ்பர்ன் 1 ஏறத்தாழ 11 கிலோ எடை. திரை 5 அங்குலம். உள்ளே பேட்டரி கிடையாது. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகுமே தவிர, மேசை இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. இன்றைய பெரிய மடிக்கணினி அதன் நேரடி வாரிசு. ஆடம் ஆஸ்பர்ன் 2003இல் கொடைக்கானலில் காலமானார்.

யூத மறையில் வரும் உடன்படிக்கைப் பேழைக்கு இரண்டு பக்கமும் வளையங்களும் அவற்றில் செருகிய தண்டுகளும் உண்டு. பேழை ஓரிடத்தில் தங்கினாலும் தண்டுகளைக் கழற்றக் கூடாது என்பது யாத்திராகமத்தின் கட்டளை. சாலமோன் எருசலேமில் கல்லால் ஆலயம் கட்டிப் பேழையை நிலையாக வைத்த பின்பும் தண்டுகளின் நுனிகள் கருவறைக்கு முன்னிருந்த கூடத்திலிருந்து தெரிந்தன. நிலைத்த வீடு கிடைத்ததும் பயணத்தின் உறுப்பைத் துறக்கவில்லை. பின்னால் அந்த ஆலயம் இடிந்ததை எண்ணினால் அந்தக் கட்டளையின் பொருள் விளங்கும். பெரிய மடிக்கணினியின் பேட்டரியும் கீலும் அத்தகைய தண்டுகளே. அவற்றுக்காகத்தான் அதன் உடல் நெருக்கப்படுகிறது, காற்றோட்டம் குறைகிறது, விசிறி இரைகிறது, விலை ஏறுகிறது. பேட்டரி 100 வாட்-மணியைத் தாண்டினால் விமானத்தில் கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும் என்பதால், மிகப் பெரிய மாதிரிகளும் 99 வாட்-மணியோடு நின்றுவிடுகின்றன. ஒருநாளும் விமானம் ஏறாத கணினியும் விமான விதிக்குக் கட்டுப்பட்டுப் பிறக்கிறது.

தண்டுகளின் அருமையை அறிந்த ஊர் மட்டாஞ்சேரி. கோவாவிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசிய நெருக்கடிக்குத் தப்பி வந்த கொங்கணியரின் திருமலை தேவஸ்தானம் இங்கேதான் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொச்சி மன்னர் சக்தன் தம்புரானோடு மூண்ட பகையில், அவர்கள் வெங்கடாசலபதியின் திருமேனியை ஆலப்புழைக்குக் கொண்டுபோனார்கள். அது மட்டாஞ்சேரிக்குத் திரும்பியது அடுத்த நூற்றாண்டின் நடுவில். 1568இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைப் பள்ளி இன்றும் நிற்கிறது. அதன் அண்டையிலிருந்த கடவும்பாகம் பள்ளியின் செதுக்கிய மர உட்கட்டு பெயர்த்தெடுக்கப்பட்டு, எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பூட்டப்பட்டிருக்கிறது. மறை எழுதிய தோல்சுருள் பெயரும், கூரையும் பெயரும். ஆனால் பொதுத் தொழுகைக்கு வேண்டிய பத்துப் பேரைச் சுருளாலோ கூரையாலோ ஈடுசெய்ய முடியாது. சமூகத்தின் பெரும்பகுதி 1950களிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபின், பரதேசிப் பள்ளியில் அந்தப் பத்து நிறைவது வெளியிலிருந்து வருவோரைப் பொறுத்ததாகிவிட்டது. எசமானனுக்குப் பிரதிநிதி இல்லை என்ற மீமாம்ச விதியை யூத நெறி தன் வழியில் சொல்லும் இடம் இது.

பரதேசிப் பள்ளி நிற்கும் யூதத் தெருவில்தான் மிளகு வணிகச் சங்கத்தின் முன்பேர வணிகர் கூடும் வளையம் 1957 முதல் கூவி விலைபேசி வந்தது. பின்னர் வளையம் கணினித் திரைக்கு மாறியது. நாடு தழுவிய மின்னணுச் சந்தைகள் வந்தபின் அதன் செல்வாக்கும் தேய்ந்தது. கூச்சலுக்கு மாற்று இருந்தது, கூடும் இடத்துக்கும் மாற்று இருந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒரு விலைக்கு ஒப்புதல் சொல்லும் செயலை மட்டும் எதுவும் மாற்றவில்லை.

இனி பஜார் சாலை அலுவலகத்துக்குத் தீர்ப்புச் சொல்லலாம். அலுவலகக் கணக்குகளோடு உரிமையாளர் இடுக்கிக்கு ஏலம் வாங்கவோ கொல்லத்துக்கு முந்திரி பார்க்கவோ அடிக்கடி போகிறார் என்றால், பெரிய மடிக்கணினி சிதம்பரத்து ஏற்பாடு, தயங்க வேண்டியதில்லை. ஆண்டு முழுதும் அதே மேசையில் கிடக்கப்போகிறது என்றால், அதே விலைக்கு நல்ல மேசைக்கணினியும் யு.பி.எஸ்.ஸும் பயணத்துக்குச் சிறிய மடிக்கணினியும் வாங்கலாம். இது பெரும்பாலான கோயில்களின் ஏற்பாடு. மேசைக்கணினியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்ற முடியும். மடிக்கணினியில் நினைவகமும் சேமிப்பகமும் மாற்றக்கூடிய மாதிரிகள் உண்டு. ஆனால் கிராபிக்ஸ் சில்லு பெரும்பாலும் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. உப்புக்காற்றில் ஒரு பலகை போனால் மொத்தமும் போயிற்று.

மறுபக்கம், தண்டுகள் வீண் என்றும் சொல்ல முடியாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இதே எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில் நெசவாளரின் தறிகள் மூழ்கின. தறியைத் தூக்கிக்கொண்டு மாடியேற முடியாது. மேற்குக் கொச்சியின் தாழ்ந்த தெருக்களில் கடல் ஓதத்தின்போது காயல்நீர் வீட்டுக்குள் வரும். தரையில் வைத்த கணினிப் பெட்டிக்குத்தான் முதல் நனைவு. தரைத்தளத்தில் இருப்பவருக்கு, ஒருநாளும் பயன்படாத கைப்பிடிக்கும் விலை கொடுப்பது நியாயமே. மாடியில் இருப்பவருக்கு அது வெறும் அச்சம்.

மாற்றும் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதையும் மீமாம்சகர் விட்டுவைக்கவில்லை. நீவாரமும் கெட்டுப்போனால் நீவாரத்தை ஒத்ததைத் தேடக்கூடாது. நெல்லை ஒத்ததையே தேட வேண்டும். மாற்றைக் கொண்டுவந்த பின் நெல்லே கிடைத்துவிட்டால் நெல்லையே இட வேண்டும். நான்கைந்து ஆண்டில் பெரிய மடிக்கணினி ஓய்ந்ததும் பெரும்பாலோர் அதைவிடப் பெரிய மடிக்கணினியை விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியது அந்த மேசையில் அதுவரை நடந்த வேலையை.