எரிந்தவை இரண்டு

நகரின் ஏழ்மைப் பகுதியொன்றில் கலவரம் மூண்டால் முதலில் எழும் கேள்வி, 'யார் செய்தது?' என்பதே. அரசு கேட்கிறது; நாளிதழ்கள் கேட்கின்றன; மறுநாள் தேநீர்க் கடையில் நாமும் கேட்கிறோம். விடை பெரும்பாலும் ஆயத்தமாகவே இருக்கிறது: 'சமூக விரோதிகள்'. இச்சொல்லுக்கு உரியவர் யார், அவர் குடியிருப்பது எங்கே, அவருக்கு என்ன நேர்ந்தது என்று அதன்பின் எவரும் வினவுவதில்லை.

2017 சனவரி 23-ஐ நினைவுகூர்வோம். சல்லிக்கட்டுக்கு உச்சநீதிமன்றம் 2014-இல் விதித்த தடையை எதிர்த்துச் சென்னை மெரினாவில் இளைஞர் கூட்டம் ஏறத்தாழ ஒரு வாரம் அமைதியாக அமர்ந்திருந்தது. நாடே அதை மெச்சியது. 21-ஆம் நாள் அவசரச் சட்டம் வந்தது. 23-ஆம் நாள் காலை காவல்துறை கூட்டத்தைக் கலைக்கத் தொடங்கியது. ஓடி வந்தவர்களுக்குக் கடலோர மீனவக் குப்பங்கள் அடைக்கலம் தந்தன. அன்றே ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அன்றே நடுக்குப்பத்து மீன் அங்காடியும் எரிந்தது. அதற்குத் தீயிட்டவர்கள் காவலர்களே என்று குப்பத்து மக்கள் கூறினர்.

காவல் நிலையத்தை எரிப்பது குற்றம். இதில் நமக்கு ஐயமில்லை. உள்ளே இருந்தவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளையே. பசித்தவன் எறிந்தான் என்பதால் கல் பூவாகிவிடாது. ஆனால் அதே அளவுகோலை மீன் அங்காடிக்கும் நீட்ட வேண்டாவா? கைதுகள் உடனே நடந்தன. அங்காடி எரிந்த கதையோ நீதிபதி இராஜேஸ்வரன் ஆணையத்தின் முன் சென்றது. அவ்வாணையம் அறிக்கை அளித்தபோது ஆண்டு 2022 ஆகிவிட்டது. ஏழையின் குற்றத்துக்கு அன்றிரவே விடை. ஏழைக்கு இழைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு ஐந்தாண்டு ஆய்வு!

2021 பிப்ரவரியில் போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. காவலரைத் தாக்கியது போன்ற வழக்குகள் மட்டும் விலக்கு. ஏட்டளவில் இது நேர்மையான எல்லைக்கோடு. ஆயினும், போராட வந்தவர் ஊர் திரும்பிவிடுவார். கலவர வழக்கோ அந்தத் தெருவில் குடியிருப்பவரின் வாசலைத்தான் தேடி வரும்.

கலகத்தைப் பாவம் என்றே புனித தோமா அக்குவினாஸ் கற்பிக்கிறார்; பொதுநலனுக்காக ஒன்றுபட்ட மக்களை அது பிளக்கிறது என்பது அவர் காட்டும் காரணம். அத்தோடு அவர் நிற்கவில்லை. தன்னலம் கருதி மக்களிடையே பிளவை வளர்க்கும் கொடுங்கோலனே மெய்யான கலகக்காரன் என்கிறார். நம் அமைச்சர்களைக் கொடுங்கோலர் என்பது மிகை. நாம் இங்கே எடுத்துக்கொள்வது அவரது அளவுகோலை: பொதுநலனைக் குலைத்த கை எது என்று பார்க்க வேண்டுமேயன்றி, அது சீருடை அணிந்ததா என்று பார்க்கலாகாது.

இவ்வளவுகோல் ஆட்சியாளர்க்கு எட்டாததன்று. நாம் வாழும் வேடந்தாங்கல் பக்கத்தில் ஒரு பழைய செய்தி உண்டு. ஏரிப் பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டு வீழ்த்த, ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமை அவர்களுக்கு எழுத்தில் கிடைத்தது. அந்நிய ஆட்சிதான், சுட்டவரும் அதன் ஆட்கள்தாம். எனினும் முறையீட்டுக்குச் செவி இருந்தது. (இன்றும் இவ்வூரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.)

செவி இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்கா சான்று. 1967-இல் கறுப்பின மக்களின் குடியிருப்புகள் பற்றி எரிந்தபோது, காரணம் அறியக் கெர்னர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன்முன் சாட்சியம் அளித்த உளவியலறிஞர் கென்னத் கிளார்க், 1919-இன் சிகாகோ கலவர அறிக்கையையும், 1935, 1943 ஆண்டுகளின் ஹார்லெம் அறிக்கைகளையும் படிக்கையில் ஒரே திரைப்படத்தை மீண்டும் மீண்டும் பார்ப்பது போலிருப்பதாகச் சொன்னார். ஆணையம் 1968-இல் வறுமையையும் இன ஒதுக்கலையும் காரணமாகச் சுட்டியது. அதை அமைத்த குடியரசுத் தலைவர் ஜான்சனோ அறிக்கையை ஆர்வத்தோடு ஏற்கவில்லை.

மெரினாக் குப்பங்களுக்கும் அத்தகைய பழைய படம் ஒன்று உண்டு. 1985-இல் கடற்கரையை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முனைந்தது. எதிர்த்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து மீனவர் மாண்டனர். அன்று தந்தையின் வலையைப் பறிகொடுத்த சிறுமி, 2017-இல் அதே கரையில் தன் மீன்கூடையையும் பறிகொடுத்திருக்கக் கூடும். அவளுடைய தெருவில் இனியொரு முறை கல் பறந்தால், 'யார் செய்தது?' என்று கேட்கப் போகிறவர்கள் இவ்விரு ஆண்டுகளைப் பற்றியும் அவளிடம் கேட்கட்டும்.