எலும்பில்லாத பட்டம்

"அந்தக் காத்துல, அந்தக் கைட்ட வச்சிக்கிட்டு உங்களால ஒன்னும் செஞ்சிருக்க முடியாதுண்ணே."

பாலோக் கடற்கரைக்கு அருகிலிருந்த ஒரு கடையில் தே ஓவை ஊதிக் குடித்துக்கொண்டே தம்பி இதைச் சொன்னான். அவன் ஆள்காட்டி விரலில் கயிறு அறுத்த கோட்டின் மேல் உப்பு காய்ந்திருந்தது. அவன் சொன்னது சரி. எந்தப் பயிற்றுநரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். அதற்குப் பிறகு மூன்று பருவக்காற்றுகள் வந்து போய்விட்டன. அந்த வாக்கியம் மட்டும் போகவில்லை. என்னைக் குற்றத்திலிருந்து விடுவித்த வாக்கியம் அது. அதனால்தான் அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கைட்போர்டிங் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். காலில் பலகை, இடுப்பில் ஹார்னஸ், கையில் பார் என்ற கம்பி. அதிலிருந்து இருபது மீட்டருக்கும் மேல் நீளும் கயிறுகளின் மறுமுனையில் பிறை வடிவில் பெரிய பட்டம். அதன் முன்விளிம்பில் காற்றடைத்த தடித்த குழாய் இருக்கும். அதிலிருந்து பின்னோக்கி, விலா எலும்புகளைப் போல, மூன்று அல்லது ஐந்து சிறிய குழாய்கள் ஓடும். ஸ்ட்ரட் என்பார்கள். காற்று எப்படி மாறினாலும் துணி தன் வடிவத்தை இழக்காமல் பிடித்துவைப்பவை இவைதான். பிரான்ஸின் புரூனோ, டொமினிக் லெகெய்னூ சகோதரர்கள் காற்றடைத்த பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை கோரியபோது அவர்களின் தலைவலி பறப்பது அல்ல. கடலில் விழுந்த பட்டத்தை மறுபடி எப்படி எழுப்புவது என்பதுதான். ஆக, இந்த எலும்புக்கூடே விழப்போவதை முன்கூட்டி யோசித்ததில் பிறந்தது.

அதற்கு நேர் எதிரான யோசனையும் உண்டு. அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1948இல் சமையலறைத் திரைச்சீலையைத் தைத்து ஒரு பட்டம் செய்தார்கள். அதற்குள் விறைப்பான சட்டம் எதுவும் கிடையாது. காற்றும் கயிறும் சேர்ந்து இழுக்கும் இழுப்பிலேயே இறக்கைக்கு வடிவம் வரட்டும் என்று விட்டார்கள். ஸ்ட்ரட் இல்லாத இன்றைய கைட்டுகள் இந்த இரண்டு யோசனைகளுக்கும் இடையில் நிற்கின்றன. முன்விளிம்புக் குழாய் மட்டும் உண்டு. மற்றதெல்லாம் வெறும் துணி.

நான் அப்படி ஒன்றை வாங்கியபோது ஓரளவு ஓட்டத் தெரிந்த நிலையில் இருந்தேன். காற்றை எதிர்த்து மேலேறிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப முடியும். சின்னதாகக் குதிக்க முடியும். அதற்கு மேல் ஏதும் இல்லை. இந்தக் கட்டத்தில்தான் மனிதனுக்குப் பொருள்களின் மேல் ஆசை வருகிறது. திறமை மேலே போகாமல் நின்றுவிட்டதைப் பணம் கொடுத்துச் சரிசெய்யலாம் என்று தோன்றும். என்னிடம் பத்து மீட்டரில் மூன்று ஸ்ட்ரட் கைட் இருந்தது. புதிதாக வாங்கியது பன்னிரண்டு மீட்டர். அளவில் பெரியது, எடையில் குறைவு. சுருட்டினால் சாதாரண முதுகுப்பைக்குள் போய்விடும். மற்றவர்கள் மணலில் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பன்னிரண்டு நாட் காற்றில் நான் மட்டும் தண்ணீரில் போய்க்கொண்டிருப்பேன். அதில் இருந்த சுகத்தை மறைக்க விரும்பவில்லை.

முதல் சில வாரங்கள் அதன் சத்தத்துக்குப் பழகுவதிலேயே போயின. பாரைத் தள்ளி இழுப்பைக் குறைத்தால் பின்விளிம்பு படபடவென்று அடிக்கும். அந்த அதிர்வு கயிறு வழியாக உள்ளங்கைக்கு வரும். அதிகமாக இழுத்தால் கைட் பின்னால் சரிந்து அப்படியே உட்கார்ந்துவிடும். பழைய கைட்டிலும் நான் அதே தவறுகளைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன். விலா எலும்புகள் சத்தமில்லாமல் மன்னித்திருக்கின்றன. நம் ஒரு ரிங்கிட் நோட்டில் உள்ள வாவ் பூலானின் தலையில் ஒரு வில் கட்டுவார்கள். காற்றில் அது முனகும். கரையில் நிற்பவனுக்கு மேலே என்ன நடக்கிறது என்று காது சொல்லிவிடும். என் கைட்டின் படபடப்பையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இது பொய் சொல்லாத கருவி என்று நண்பர்களிடம் பெருமையடித்தேன்.

அந்த டிசம்பர் காலையில் காற்று பதினான்கு நாட். மதியத்துக்கு மேல் கூடும் என்று கணிப்பு சொல்லியிருந்தது. நானும் பார்த்தேன். வடகிழக்கில் ஒரு கறுப்புக் கோடு. பழைய கைட் கார் பூட்டில் கிடந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தால் அதற்குப் போதுமான காற்று வந்திருக்கும். தம்பிக்கு அது ஆழத்துக்குப் போகும் மூன்றாவதோ நான்காவதோ முறை. "நான் பக்கத்துலயே இருக்கேன், பயப்படாத" என்றேன். சொல்லிக்கொண்டே புதிய கைட்டுக்குக் காற்றடித்தேன்.

மேகம் வந்த வேகத்தைச் சொல்லிப் பயனில்லை. தம்பியின் கைட் விழுந்து, கயிறு அதன் முனையில் சுற்றி, தறிகெட்டுச் சுழல ஆரம்பித்தது. அவன் அவசர விடுப்பை இழுத்துவிட்டு, பலகை இல்லாமல், முன்விளிம்பைக் கட்டிப்பிடித்து மிதந்தான். அவனருகில் நிற்க வேண்டுமென்றால் நான் கைட்டைத் தலைக்கு நேர் மேலே அசையாமல் வைத்திருக்க வேண்டும். பாரை முழுக்கத் தள்ளினால் துணி வடிவமிழந்து நாலாபக்கமும் உதறியது. இழுத்தால் என்னைத் தூக்கியது. இரண்டு முறை அவனைக் கடந்து போனேன். இரண்டாம் முறை அவன் முகத்தைப் பார்த்தேன். மூன்றாம் முறை திரும்பவில்லை. கரைக்கு வந்துவிட்டேன்.

கரைக்கு வந்ததும் கைட்டின் காற்றை இறக்கிச் சுருட்டிப் பைக்குள் வைத்த பிறகுதான் அவன் மிதந்துபோன திசையில் ஓடினேன். அவிழ்த்துப்போட்டால் காற்று அதைக் கிழித்துவிடும், யார் மீதாவது மோதவும் செய்யும். இதுவும் சரியான காரணம்தான். நல்லவேளை, பாலோக்கில் அந்தக் காற்று கரையை நோக்கித்தான் தள்ளும். நாற்பது நிமிடம் கழித்துத் தெற்கே வெகுதூரத்தில் அவன் நடந்து வருவதைப் பார்த்தேன்.

தண்ணீரில் இருந்த அந்த நொடியில் என்னால் முடியவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போயிருந்தால் இரண்டு பேரும் மாட்டியிருப்போம். நான் கேட்பது வேறு. அந்த 'முடியாது' எப்போது தொடங்கியது? அரிஸ்டாட்டில் தம் நிகோமாகியன் அறநூலின் மூன்றாம் புத்தகத்தில் குடித்துவிட்டுக் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதித்த ஒரு சட்டத்தைப் பற்றிப் பேசுகிறார். போதையில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் குடிக்காமல் இருப்பது அவன் கையில் இருந்தது. முதன்முதலில் படித்தபோது இது கொடுமையாகத் தெரிந்தது. இப்போது அந்தக் கார் பூட்டை நினைத்துக்கொள்கிறேன். அது திறந்துதான் இருந்தது. என் இயலாமையை நானே அங்கிருந்து தேர்ந்தெடுத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

எனக்கு மட்டும் போதுமான அளவுக்கு எடையைக் குறைத்திருந்தேன். எனக்குத் தேவையில்லாதது என்று கழித்துவிட்ட அந்த ஒரு கிலோ, இன்னொருவனுக்குப் பக்கத்தில் நிற்கத் தேவையான எடை. ஒருவனாகப் பறக்க அது அதிகப்படிதான். இப்போதெல்லாம் குறைவாகச் சுமப்பதே ஒரு நற்குணம் என்று ஆகிவிட்டது. வீட்டில் உபரி அறை வேண்டாம், வாரத்தில் உபரி நேரம் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் யாராவது வந்துவிட்டால் என்று ஒரு பிடி அரிசியைக் கூடுதலாகப் போடும் என் பாட்டியை வீட்டில் கிண்டல் செய்வோம். பெரும்பாலான நாட்களில் யாரும் வந்ததில்லை. சோறு மறுநாள் பழையதாகும்.

இதை எழுதும்போதே எனக்குள் ஒரு மறுப்பும் எழுகிறது. அந்தக் காலைக் காற்றுக்குப் பழைய கைட்டில் நான் இறங்கியிருக்கவே முடியாது. தம்பி எப்படியும் இறங்கியிருப்பான். அவனைவிட இருபது கிலோ கூடுதலாக இருக்கும் நான் மணலில்தான் நின்றிருப்பேன். கரையில் நின்றுகொண்டு, எல்லா எலும்புகளோடும், எந்த உதவிக்கும் லாயக்கில்லாமல். புதிய கைட் இருந்ததால்தான் இரண்டு முறையாவது அவனருகில் போனேன். இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று பல நாள் தேடினேன். ஒன்றுதான் கிடைத்தது. கொடுத்த வாக்கு. பக்கத்தில் இருப்பேன் என்று நான் சொல்லியிருக்காவிட்டால் அவன் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டான்.

போன டிசம்பரில் மறுபடி பாலோக் போனோம். தம்பியும் இப்போது ஸ்ட்ரட் இல்லாத கைட் ஒன்று வாங்கிவிட்டான், என்னுடையதைவிட மெலிதான துணி. என்னைவிட நன்றாகவும் ஓட்டுகிறான். பதின்மூன்று நாட் இருக்கும். நான் பழைய பத்து மீட்டரை விரித்து, அதன் மேல் மணலை அள்ளிப்போட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து நனைந்த தலையோடு அவன் கரையேறி வந்தான்.

"ஏண்ணே இறங்கல?"

"காத்து பத்தல" என்றேன். அது உண்மைதான்.